ஓட்டோவை விட்டு இறங்காத கடைத்தெரு

திட்டமிடல் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் தங்கச்சிமாருக்கும் தம்பிமாருக்கும் முதலில் ஒரு முறைப்பாடு. நீங்கள் கணினியில் வரையும் தெருப் படங்களைப் பார்த்தேன். அழகுக்குக் குறைவில்லை. மரத்தில் ஓர் இலைகூட வாடவில்லை. ஆனால் அந்தத் தெருவில் தோளில் சின்னப் பையும் பக்கத்தில் பலூன் பிடித்த பிள்ளையுமாக ஒரு பெண் நடக்கிறாளே, அவள் யார்? எந்த ஊர்க்காரி? கற்பிட்டி வெயிலில் குடையும் இல்லாமல் சிரித்துக்கொண்டு நடக்கும் ஒரு பெண்ணை என் முழு உத்தியோக காலத்திலும் நான் கண்டதில்லை. நீங்கள் கண்டிருந்தால் அறிமுகப்படுத்துங்கள், தேத்தண்ணீர் நான் வாங்கித் தருகிறேன்.

ஓய்வு பெற்றவளுக்கு வாய் நீளம் என்பீர்கள். ஓம், நீளம்தான். வேலையில் இருந்தபோதும் நீளம்தான். அப்போது யாரும் முகத்துக்கு நேரே சொல்லவில்லை, அவ்வளவே. சட்டமும் அளவும் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆகவே அதையெல்லாம் விட்டுவிட்டு, ஒரு கடைத்தெருவில் ஒரு வாரம் நான் பட்ட பாட்டை மட்டும் சொல்கிறேன்.

கற்பிட்டிக்குப் போகும் வழியில் உள்ள ஒரு சின்னப் பட்டினம் அது. பெயர் வேண்டாம், கோபிப்பார்கள். ஒரே ஒரு கடைத்தெரு. வெங்காய லொறி, கருவாட்டு லொறி, பஸ், ஆலங்குடாக் கடற்கரைக்குப் போகும் வெள்ளைக்காரரின் வான் எல்லாம் அதற்குள்ளால்தான் நுழைந்து வெளியே வரவேண்டும். தெருவின் ஒரு பக்கம் பெரிய கடைகள். மறுபக்கம், வாய்க்காலை ஒட்டி, ஒரு ஆள் கையை நீட்டினால் இரண்டு சுவரும் முட்டுகிற அளவில் ஒரு வரிசைச் சின்னக் கடைகள்.

அந்தத் தெருவுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. அங்கே பெண்கள் கடைக்குப் போவதில்லை, கடைதான் பெண்களிடம் வரும். ஓட்டோ கடை வாசலில் நிற்கும். டிரைவர் இரண்டு தரம் ஹோர்ன் அடிப்பார். கடைக்காரர் துணியைக் கைநிறைய அள்ளிக்கொண்டு ஓடி வருவார். உள்ளே இருப்பவர் பக்கத் திரையைக் கொஞ்சம் விலக்கி, தொட்டுப் பார்த்து, விலை பேசி, வேண்டாம் என்று சொல்லி அடுத்த கடைக்கு ஓட்டச் சொல்வார். நிறம் பொருந்துமா என்று டிரைவரிடம் கேட்பதும் உண்டு. நான் வழக்கமாகப் போகும் ஓட்டோவின் சொந்தக்காரர் சுனில், சிங்களவர், அந்த ஊரின் பாதிக் கல்யாணப் புடவைகளுக்கு நிறம் தெரிவுசெய்து கொடுத்தவர். அதில் அவருக்கு நல்ல பெருமை.

பின்னால் வருகிற லொறிக்காரன் என்ன செய்வான்? அவனும் ஹோர்ன் அடிப்பான். புடவை வாங்கி முடியும் வரைக்கும் கற்பிட்டி வெங்காயம் வெயிலில் காயும்.

இந்த நெரிசலுக்கு மருந்தாக இரண்டு பிளான் இருந்தன. ஒன்று, தெருவை அகலமாக்குவது. அப்படியென்றால் வாய்க்கால் ஓரத்துச் சின்னக் கடை வரிசை முழுதும் உடைபடும். மற்றது என்னுடையது. களப்புத் தண்ணீரோரமாக ஓடும் பழைய கிரவல் பாதையைத் திருத்தி வாகனங்களை அதனால் அனுப்பிவிட்டு, கடைத்தெருவை நடப்பவர்களுக்கு விட்டுவிடுவது. ஒரு கடையும் உடையாது. சனம் நிழலில் நடந்து, நின்று, கதைத்து, சாமான் வாங்கும். பிரதேச சபையில் பாதிப் பேர் சிரித்தார்கள். தவிசாளர் நல்ல மனிதர். "சரி, ஒரு கிழமை செய்து பாருங்கோ. அடுத்த திங்கள் கூட்டத்தில முடிவு. சரிவரல்ல எண்டா ரோட்டை அகலமாக்குவம்" என்றார்.

அந்தச் சின்னக் கடைகளில் ஒன்று ரஹீமா ராத்தாவுடையது. ராத்தா என்றால் அந்த ஊர் முஸ்லிம்களிடம் அக்கா. ஹிஜாபும் அபாயாவும் தானே வெட்டித் தைத்து விற்பவர். கணவர் இல்லை, ஒரு மகள் படிக்கிறாள். தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு வந்த குடும்பம். அவரது கடையில் ஒரு அலுமாரிகூட இல்லாததை நான் அளக்கப் போன முதல் நாளே கவனித்தேன். சாமான் எல்லாம் கயிற்றில் தொங்கும். பின்னேரம் இரண்டு பெரிய றெக்சின் பைக்குள் போய்விடும்.

"ஏன் ராத்தா, ஒரு அலுமாரி அடிக்கலாமே?" என்று கேட்டேன்.

"என்னத்துக்கு மிஸ்? எழும்பு எண்டா எழும்பத்தானே வேணும். பைய்ய தூக்குறது லேசு" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. என் பிளான் வென்றால் அந்தக் கடை நிற்கும், தோற்றால் உடையும். அதற்குப் பிறகு அந்த வேலை எனக்கு வெறும் பிளானாக இருக்கவில்லை.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்திய வியாபாரக் காலம். திங்கட்கிழமை காலை தெருவின் இரண்டு முனையிலும் தார்ப் பீப்பாய் வைத்து, "வாகனங்கள் உட்செல்லத் தடை" என்று மூன்று மொழியில் போட் எழுதி மாட்டினோம். லொறிகள் களப்புப் பாதையால் சத்தமில்லாமல் போயின. நான் தெருவின் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தேன். உங்கள் கணினிப் படத்தில் இருப்பது போலவே சுத்தமான, அமைதியான தெரு. ஒரு குறைதான். அதில் ஒரு மனிதப் பூச்சியும் இல்லை.

பத்து மணிபோல இரண்டு கழுதைகள் வந்தன. எங்கள் பக்கத்துக் கழுதைகள் யாருக்கும் சொந்தமில்லாதவை, நினைத்த இடத்தில் மேய்பவை. தெருவின் சரி நடுவால் ஆறுதலாக நடந்து வந்து, கடைகளை இரண்டு பக்கமும் பார்த்தபடி நின்றன.

பெரிய புடவைக்கடை ஹாஜியார் படியில் நின்றார். வர்த்தகர் சங்கத் தலைவரும் அவர்தான். "பிளான் மிஸ்! உங்கட தெருவுக்கு முதல் ஆக்கள் வந்திட்டாங்க. நல்ல வடிவா நடக்குறாங்க. தேத்தண்ணி குடுக்கவா?" என்று தெரு முழுதும் கேட்கக் கத்தினார். நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய?

பெண்கள் வந்தார்கள், வராமல் இல்லை. ஓட்டோ பீப்பாய் வரைக்கும் வரும். உள்ளே இருந்து ஒரு முகம் எட்டிப் பார்க்கும். ஓட்டோ திரும்பி, புத்தளம் பக்கம் போய்விடும்.

செவ்வாய்க்கிழமை வர்த்தகர் சங்கம் எங்கள் அலுவலகமான சபைக் கந்தோருக்கு வந்துவிட்டது. ஹாஜியார் முந்தின நாளைய பகிடியெல்லாம் வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார். "பெருநாள் யாவாரம் மிஸ். வருஷத்துல ரெண்டு தரம்தான் நாங்க மூச்சு விடுறது. இன்டைக்கே பீப்பாய எடுங்க" என்றார். அவர் சொன்னதில் பிழையில்லை. எனக்கே அந்த நேரம் பீப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும் போல இருந்தது.

எங்கள் சபைச் செயலாளர் அப்போது மதியச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். உலகம் இடிந்தாலும் மனுசன் மீன்முள்ளைச் சரியாக எடுத்துவிட்டுத்தான் நிமிர்வார். அவரிடமிருந்து நான் படித்தது நிறைய. கையைக் கழுவி வந்து, எல்லோரையும் இருத்தி, பிளேன்டீ கொடுத்து, வெள்ளிக்கிழமை பின்னேரம் வரை தவணை வாங்கினார். அவர்கள் போன பின் என்னிடம் சொன்னார்: "மிஸ், பீப்பாய எடுக்க அஞ்சு நிமிஷம் காணும். ஏன் ஒருத்தரும் இறங்கல்ல எண்டு தெரியாம எடுத்தா, பிறகு ஒரு நாளும் தெரியவராது."

பிள்ளைகளே, நெருக்கடி வந்தால் ஒன்றில் பிடிவாதமாக நிற்போம் அல்லது எல்லாவற்றையும் கைவிடுவோம். தோற்றது எதனால் என்று பார்க்க மட்டும் நேரம் ஒதுக்கமாட்டோம். நானும் அப்படித்தான் இருந்தேன். பெண்களுக்குச் சோம்பல், பழக்கம், வேறொன்றுமில்லை என்று மனதுக்குள் தீர்ப்பே எழுதிவிட்டேன்.

புதன்கிழமை அந்தத் தீர்ப்புக்கு ஆண்டவர் பதில் கொடுத்தார்.

காலையிலிருந்து வெயிலில் நிற்கிறேன். தாகத்துக்கு இரண்டு செவ்விளநீர் குடித்தாயிற்று. மதியமானதும் எனக்கு ஒரு அவசரம் வந்தது. எந்த அவசரம் என்று தங்கச்சிமாருக்கு விளங்கும், தம்பிமார் கேட்கவேண்டாம். முன்பு அளக்க வரும் நாட்களில் ஹாஜியாரின் கடைக்குப் பின்னால் போய்வருவேன். "வாங்க மிஸ், இருங்க மிஸ்" என்று அவரே வழிகாட்டுவார். இப்போது அவரோடு சண்டை. எந்த முகத்தோடு போய்க் கேட்பது? தெருமுனையில் ஒரு தேத்தண்ணீர்க் கடை. அதன் வாசலில் ஒரு நீள மரவாங்கு. அந்த வாங்கில் காலையிலிருந்து அசையாமல் பத்துப் பன்னிரண்டு ஆண்கள், தெருவைப் பார்த்தபடி. நான் ஒரு அடி வைத்தால் அத்தனை தலையும் ஒரு அடி திரும்பும். அவர்களைத் தாண்டித்தான் கந்தோருக்கு நடக்கவேண்டும். என்னால் முடியாது என்று தோன்றியது.

போனை எடுத்தேன். "சுனில், உடனே வாரும். உள்ளுக்கு வாரும். பீப்பாயைக் கொஞ்சம் நகர்த்திட்டு வாரும்."

சுனில் வந்தார். பீப்பாய்க்கு அந்தப் பக்கம் நிறுத்திவிட்டு, போட்டை வாசித்தார். பிறகு என்னைப் பார்த்தார். "அனே மிஸ், இது நீங்க எழுதினதுதானே? வாகனம் உள்ள வரவேணாம் எண்டு?"

"எழுதினது நான்தான். நகர்த்தும்!"

நகர்த்தினார். ஏறினேன். பக்கத் திரையை இழுத்துவிட்டேன். வெயில் போனது, வாங்கில் இருந்த கண்கள் போயின, இருக்க ஒரு இருக்கை கிடைத்தது, சுனில் ஒரு கேள்வியும் கேட்காமல் கந்தோருக்கு விட்டார். வழியில்தான் எனக்கு உறைத்தது. உறைத்ததும் தனியே இருந்து சிரிக்கத் தொடங்கினேன். சுனில் கண்ணாடியில் பார்த்து, எனக்கு வெயில் தலைக்கு ஏறிவிட்டது என்றே நினைத்திருப்பார்.

அந்த ஊர்ப் பெண்களுக்கு ஓட்டோ வெறும் வாகனமில்லை. நிழல் அதுதான், கதிரை அதுதான், மறைப்பும் அதுதான். அவசரம் என்றால் வீட்டுக்குக் கொண்டுபோய் விடுவதும் அதுதான். இத்தனையையும் நான் தெருவிலிருந்து எடுத்துவிட்டு, பதிலுக்கு ஒரு போட் கொடுத்திருக்கிறேன்.

பின்னேரம் ரஹீமா ராத்தாவிடம் போய்ச் சொன்னேன். அவர் தையல் மெஷினை நிறுத்திவிட்டு, "அல்லாஹ்! மிஸ்ஸுக்கு இது இன்டைக்கா விளங்கிச்சு?" என்றார்.

"உங்களுக்குத் தெரியுமெண்டா ஏன் சொல்லல்ல?"

"நீங்க லொறியப் பத்தித்தானே கேட்டீங்க. இதப் பத்தி ஆரு கேட்ட?"

அது உண்மை. கடைக்காரர், டிரைவர், பஸ் முதலாளி எல்லோரிடமும் கேள்வி கேட்டோம். ஓட்டோவின் திரைக்குப் பின்னால் இருந்தவர்களிடம் யாரும் கேட்கவில்லை, பெண்ணாகிய நானும் கேட்கவில்லை.

இனி என்ன வேண்டும் என்று இருவரும் இருந்து கதைத்தோம். தெருவின் நடுவில், மலசலகூடத்தோடு, பெண்கள் மட்டும் போய் இருக்கக்கூடிய ஒரு அறை. தொழுமுன் கைகால் கழுவி ஒழு எடுக்கத் தண்ணீர்க் குழாய், தொழ ஒரு பாய். வெயிலுக்கு மேலே ஏதாவது மறைப்பு. அப்புறம் அந்த வாங்கு. புதிதாகக் கட்ட நேரமில்லை. தெருவின் சரி நடுவில் அப்படிப்பட்ட அறை ஒன்றே ஒன்றுதான் இருந்தது, ஹாஜியாரின் துணிக் கிடங்கு. பகையாளியிடமே கேட்கவேண்டும்.

வியாழன் காலை இருவரும் போனோம். ஹாஜியார் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். முடிவில், "மிஸ், எங்கட பொம்பளையளுக்கு நடக்க விருப்பமில்ல. அதுக்கு நான் என்னத்துக்கு கிடங்கத் தரணும்?" என்றார்.

நான் வாயைத் திறக்க முந்தி ராத்தா, அவரை அண்ணன் முறை சொல்லி அழைத்து, கேட்டுவிட்டார். "நானா, உங்கட வீட்டாக்கள்ட்ட கேட்டீங்களா?"

ஹாஜியார் வீம்புக்குப் போனை எடுத்து, எங்களுக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டு, மனைவியிடம் கேட்டார். "கடைத்தெருவுல இறங்கி நடக்க ஒங்களுக்கு விருப்பமா?"

"ஏன் விருப்பமில்லாம?" என்றது போன். "நீங்க கடையப் பெருசாக் கட்டி எத்தின வருஷம்? நான் ஒரு நாளாவது முன்வாசலால வந்து பாத்தீக்கேனா? ஓட்டோக்குள்ள இருந்து போட் மட்டுந்தான் தெரியும். அந்தத் தேத்தண்ணிக் கடை வாங்கை எடுத்துட்டுக் கூப்புடுங்க, ஓடி வாறேன்."

கடைப் பெடியன்கள் எல்லோரும் திடீரென்று துணி மடிக்கத் தொடங்கினார்கள். ஹாஜியார் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். "சரி, கிடங்க எடுங்க. ஆனா வாசல்ல என்ட கடைப் பேர் போடணும்" என்றார். வியாபாரி வியாபாரிதான். சின்ன எழுத்தில் போட ஒத்துக்கொண்டோம். பெரிய எழுத்தில்தான் போட்டார்.

மேலே கட்ட எங்கள் மாதா கோயில் திருநாள் பந்தல் துணியைக் கேட்டு வாங்கினேன். மாதா நிறம், நீலமும் வெள்ளையும். முஸ்லிம் தெருவில் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மாதா பந்தலா என்று எங்கள் பங்குச் சுவாமி கேட்டுச் சிரித்தார், பிறகு கட்டுவதற்குக் கயிற்றையும் சேர்த்துத் தந்தார். வாங்கின் விசயத்தைச் செயலாளரே ஏற்றார். தேத்தண்ணீர்க் கடைக்குப் போய், ஒரு பிளேன்டீ கேட்டு, அதே வாங்கில் அவர்களோடு இருந்து, ஒரு மணித்தியாலம் ஊர்க்கதை கதைத்தார். பிறகு எல்லோரையும் எழுப்பி வாங்கைத் தூக்கிக் களப்பைப் பார்த்தபடி மறுபக்கம் போடவைத்துவிட்டார். காற்று அந்தப் பக்கம்தான் அடிக்கும் என்று சொன்னாராம். காற்று உண்மையில் அந்தப் பக்கம்தான் அடித்தது.

இவ்வளவும் செய்தும் எனக்குப் பயம். வெள்ளி பின்னேரம் தவணை முடிகிறது. கிழமை முழுக்க இறங்காத பெண்கள் ஒரே நாளில் இறங்குவார்களா? யார் முதலில் இறங்குவது? வெறுந்தெருவில் முதலாவதாக நடக்க எவருக்கும் கால் கூசும்.

அன்று பின்னேரம் ராத்தா ஒரு யோசனை சொன்னார். "மிஸ், நாளைக்கு ஜும்ஆத் தொழுகை. அந்த நேரம் ஆம்பிளை எல்லாம் பள்ளிக்குள்ள. தெருவுல ஒரு குஞ்சு இரிக்காது. அந்த நேரத்துக்கு எங்கட ஆக்கள வரச்செல்லி வட்ஸ்அப்புல போடவா?"

நான் தயங்கினேன். ஜும்ஆ நேரம் கடைகள் எல்லாம் பூட்டு. வந்தவர்கள் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனால் அதோடு எல்லாம் முடிந்தது. "கடை பூட்டியிருக்கும் நேரத்தில கடைத்தெருவுக்குக் கூப்பிடுறதா?" என்றேன்.

"என்ட கடை தொறந்துதானே இரிக்கும்" என்றார்.

உடைபடப் போகும் கடை அவருடையது. அவரே துணிகிறபோது நான் தடுக்க யார்? போடச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை. பள்ளியில் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். கதவுகள் ஒவ்வொன்றாக இறங்கின, வாங்கு காலியானது, தெரு அப்படியே அடங்கியது. நீலப் பந்தலின் கீழே நானும் ராத்தாவும் மட்டும். நான் பீப்பாய்ப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். ராத்தா அமைதியாக ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார், ஆனால் நூல் ஊசிக்குள் போகவே இல்லை.

முதல் ஓட்டோ பீப்பாய்க்கு வந்து நின்றது. சுனிலுடையது. திரை விலகியது. இறங்கியவர் ஹாஜியாரின் மனைவி. செருப்பைச் சரிசெய்து, தெருவை ஒருமுறை மேலும் கீழும் பார்த்து, நடந்தார். பின்னால் இரண்டு மகள்மார், ஒரு மருமகள். பிறகு சுனிலின் சிங்களக் கூட்டாளிகளின் ஓட்டோக்களில் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். தெருவில் குரல் கேட்கத் தொடங்கியது. பூட்டிய கடைகளின் கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தார்கள், அறைக்குள் போய்த் தொழுதுவிட்டு வந்து பந்தலுக்குக் கீழே இருந்து கதைத்தார்கள், ராத்தாவின் கடைக்கு முன்னால் வரிசையே நின்றது. பழையபடி ஓட்டோவுக்குள் கொண்டுவரச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

தொழுகை முடிந்து ஆண்கள் வந்தபோதுதான் வேடிக்கை. தெருமுனையில் அப்படியே நின்றுவிட்டார்கள். தங்கள் தெருதானா என்று அவர்களுக்குச் சந்தேகம். கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒருவர் ஓடி வந்தார், தலையில் தொப்பி, ஒரு கையில் கடைப் பூட்டுகளின் திறப்புக் கோர்வை, மறுகையில் சாரனைத் தூக்கிப் பிடித்தபடி. ஹாஜியார்! அவரது கடைப் படியில் அவர் மனைவி, ராத்தாவிடம் வாங்கிய பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

"இப்பத்தான் தொறக்க நேரம் கெடைச்சா?" என்று கேட்டார். தெருவே சிரித்தது. ஹாஜியாரும் சிரித்தபடிதான் பூட்டைத் திறந்தார்.

போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்து, "பீப்பாயில கை வைக்காதீங்க மிஸ்" என்றார்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் எனக்கு வாதாட ஒன்றும் மிச்சமிருக்கவில்லை. ஹாஜியாரே எழுந்து எல்லாம் தன்னுடைய யோசனை என்பது போலப் பேசினார். பேசட்டும் என்று விட்டுவிட்டேன். அகலமாக்கும் பிளான் கைவிடப்பட்டது. பிறகு அந்தத் தெருவுக்குக் கல் பதித்தோம், வேம்பு நட்டோம், ஓட்டோக்களுக்கு இரண்டு முனையிலும் நிழல் தரிப்பிடம் போட்டோம். எல்லாவற்றுக்கும் முந்திக் கட்டியது பெண்களின் அறை. உங்கள் பிளானிலும் அதை முதலில் வரையுங்கள், பலூன் பிறகு வரட்டும்.

கூட்டம் முடிந்த அன்று பின்னேரம் ராத்தாவிடம் செய்தி சொல்லப் போனேன். அவருக்கு முந்தியே தெரிந்திருந்தது. கடைக்குள் ஒரு பழைய தேக்கு அலுமாரி நின்றது, யாரிடமோ வாங்கி சுனிலின் ஓட்டோவில் ஏற்றி வந்திருக்கிறார். பீப்பாய்க்கு அந்தப் பக்கமிருந்து எப்படித் தூக்கி வந்தார்கள் என்று நான் கேட்கவில்லை. றெக்சின் பைகள் இரண்டும் வெறுமையாக மடித்துக் கிடந்தன.

ராத்தாவின் வாயில் ஆணிகள், கையில் சுத்தியல். "மிஸ், அந்தப் பக்கம் கொஞ்சம் புடிங்க. செவுரோட சேத்து அடிக்கணும்" என்றார்.

பிடித்தேன். அவர் முதல் ஆணியை அடித்தார்.